மூவரில் இருவர் ஒரே வீட்டில்

ஐடெல்லா கார்லிஸ் ஓட்டும் பள்ளிப் பேருந்து, ரயிலே வராத ஒரு ரயில் கடவையில் தினமும் இரண்டு தடவை நிற்கும். அங்கே தண்டவாளத்தைப் பெயர்த்து நாற்பது வருடம் ஆகிறது. எச்சரிக்கைப் பலகையை எடுக்கத்தான் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பலகை இருக்கிறவரை சட்டமும் இருக்கிறது என்பது ஐடெல்லாவின் கட்சி. வண்டியை நிறுத்துவாள், கதவைத் திறப்பாள், இடதுபக்கம் பார்ப்பாள், வலதுபக்கம் பார்ப்பாள், காது கொடுத்துக் கேட்பாள். பின்னால் வருகிற பால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தால் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்ப்பாள். அதே ஆள் மறுபடி ஹார்ன் அடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இப்படிப்பட்ட பொம்பளையைக் கொண்டுபோய் ஊரின் ஆட்சிப் பொறுப்பில் உட்கார வைத்தது யார் என்று கேட்டால், நான்தான். ரோவினா டட்டன், பெல்டன் ஊரின் கிளார்க். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் யார் பிறந்தார், யார் செத்தார், யார் நாய்க்கு லைசென்ஸ் எடுத்தார் என்பதெல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. சட்டம் தெரிந்தவள் என்று பேர் எடுத்தவள். அப்படிப்பட்ட எனக்கும் அன்றைக்குப் புத்தி புல் மேயப் போயிருந்தது.

வாஷிங்டனில் அதிபர் ஒருபக்கம், காங்கிரஸ் ஒருபக்கம், உச்ச நீதிமன்றம் ஒருபக்கம் என்று அதிகாரத்தை மூன்றாகப் பிரித்து, ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து இழுக்கும்படி வைத்திருக்கிறார்கள். எங்களிடம் அவ்வளவு ஆளுக்கு எங்கே போவது? வெர்மான்ட் மலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற ஊர் இது. மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, ஓட்டுரிமை உள்ளவர்கள் எல்லோரும் ஊர் மண்டபத்தில் கூடுவோம். அன்றைக்கு ஒருநாள் நாங்களேதான் சட்டசபை. வரி எவ்வளவு, பனி தள்ளும் வண்டி புதிதா பழையதா, எல்லாம் எங்கள் வாயால் முடிவாகும். மற்ற நாட்களில் சாலை, பாலம், குப்பை மேடு எல்லாவற்றையும் மூன்று பேர் கொண்ட ஊர்க்குழு பார்த்துக்கொள்ளும்.

ஐடெல்லாவின் புருஷன் மெரில் அந்தக் குழுவில் பதினெட்டு வருடமாக இருக்கிறான். அவனும் நானும் ஒரே வகுப்பு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், பதில் தெரிந்தாலும் சொல்ல மாட்டான். கல்லுளிமங்கன். அவன் பேசுவதெல்லாம் வீட்டில் ஐடெல்லாவிடம் மட்டும்தான், அதுவும் காலைக் காப்பியின்போது. எந்தச் சாலை சேறாயிற்று, எந்த மரம் விழப் போகிறது, எவன் வேலி யார் எல்லையில் நிற்கிறது, இதுதான் அவர்கள் சம்சாரப் பேச்சு. நாற்பத்தொரு வருடம் இப்படியே ஓடியிருக்கிறது. சிலருக்குக் கவிதை, இவர்களுக்குக் கருங்கல் ஜல்லி.

இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்ச் கூட்டத்தில் குழுவில் ஒரு இடம் காலி. இருந்த ஆள் மூட்டுவலி தாங்காமல் ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார். யார் நிற்கிறீர்கள் என்று கேட்டதும் மண்டபத்தில் எல்லோரும் தங்கள் பூட்ஸையே முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எவன் குறை சொல்கிறானோ அவன் தலையிலேயே அந்த வேலையைக் கட்டிவிடுவோம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் இருமக்கூட மாட்டார்கள். ஐடெல்லாவுக்கு அந்த விவரமும் தெரியும். ஆனாலும் எழுந்துவிட்டாள்.

"தலைவர் அவர்களே, மெரில் கார்லிஸ் அவர்களை ஒண்ணு கேக்கறேன்," என்று சொந்தப் புருஷன் பேரைச் சொல்லி ஆரம்பித்தாள். "எங்க வீட்டுக்குக் கீழே ஓடையில சாலைக்கு அடியில ஊர் போட்ட குழாய் இருக்கே, அதை எவன் போட்டான்? ஒரு முழம் விட்டமாம்! வசந்தத்துல தண்ணி ரோட்டு மேலேயே ஓடுது. இருபத்தாறு வருஷமா பஸ் ஓட்டுறேன், இந்த ஊர்ல இருக்குற ஒவ்வொரு பள்ளமும் எனக்கு உறவு. குழுவுல இருக்குறவங்க கண்ணை மூடிக்கிட்டா வண்டி ஓட்டுறீங்க?"

சிரிப்பு அடங்குவதற்குள் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஐடெல்லா கார்லிஸை முன்மொழியறேன்!" என்று கத்திவிட்டேன். விளையாட்டாகத்தான். பின்னாலிருந்து நாலு பேர் ஒரே நேரத்தில் வழிமொழிந்தார்கள். கூட்டத்தை நடத்துகிற ஹெஸ்டர் பிளாட் சுத்தியலைத் தூக்கி, "ஆதரிக்கிறவங்க?" என்று கேட்டாள். கூரையில் இருந்த பனி சரிகிற அளவுக்கு 'ஆம்' வந்தது.

ஐடெல்லா மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அறுபத்தோரு வயதில் ஒரு கூட்டம் ஜனம் அவள் பேருக்கு 'ஆம்' சொன்னது அதுதான் முதல் தடவை. கண் ஓரம் சிவந்துவிட்டது. விளையாட்டாகக் கத்தின எனக்குச் சுரீர் என்றது.

மறுநாள் காலை என் அலுவலகத்தில் வலது கையைத் தூக்கிப் பதவிப் பிரமாணம் எடுத்தாள். அமெரிக்க அரசியல் சட்டத்துக்கும் வெர்மான்ட் சட்டத்துக்கும் விசுவாசமாக இருப்பேன் என்ற அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாளாம். அத்தோடு விட்டாளா? என்னிடமிருந்து வாங்கிப்போன சட்டக் கையேட்டையும் அன்று சாயங்காலமே உட்கார்ந்து படித்திருக்கிறாள். ஃபோன் வந்தது.

"ரோவினா, மூணுல பெரும்பான்மை எத்தனை?"

"ரெண்டு. ஏன்?"

"எங்க வீட்டுல எத்தனை பேர்?"

இருநூற்று நாற்பத்தேழு வாக்காளர்கள் உள்ள ஊரில் ஒருத்தருக்குக்கூட இது தோன்றவில்லையே! குழுவில் பெரும்பான்மை ஆட்கள் ஓரிடத்தில் சேர்ந்து ஊர் விஷயம் பேசினால் அது கூட்டம். கூட்டம் என்றால் ஒருநாள் முன்னதாக மூன்று இடங்களில் அறிவிப்பு ஒட்ட வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், நடந்ததை எழுதிவைக்க வேண்டும். பெரிய மனிதர்கள் மூலையில் குசுகுசுவென்று பேசி ஊரைத் தீர்த்துக்கட்டிவிடக் கூடாது என்பதற்காக வந்த நல்ல சட்டம். கார்லிஸ் வீட்டுச் சமையலறையை நினைத்து எழுதின சட்டமில்லை.

"ஐடெல்லா, வீட்டுக்குள்ள பேசுறதை யாரு பார்க்கப் போறாங்க?" என்றேன். ஒரு கிளார்க் சொல்லக் கூடாத வார்த்தைதான்.

"ரயில் வராதுன்னு எனக்கும் தெரியும் ரோவினா. நிறுத்தத்தானே செய்யறேன்," என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

முதல் நாள் காலையில் மெரில் காப்பியை ஊற்றிக்கொண்டு, "மேல் ரோட்டுல சேறு..." என்று ஆரம்பித்தானாம். ஐடெல்லா பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற மாதிரி உள்ளங்கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். "சரி, பனி பெய்யும் போலிருக்கு" என்றானாம். பனி பெய்தால் தள்ள வேண்டும், தள்ளுவது ஊர் வண்டி. கை மறுபடி எழுந்தது. "டெலோஸ் மாடு ஒண்ணு..." பால் பண்ணைக்கார டெலோஸின் மாடு எங்கே நிற்கிறது? சாலையில். கை. கடைசியில் அவன் ரொட்டியைப் பற்றி நாலு வார்த்தை சொன்னானாம், அவள் வெண்ணெயைப் பற்றி மூன்று வார்த்தை சொன்னாளாம், அதோடு அன்றைய பேச்சு தீர்ந்தது.

கடையிலும் இதே கூத்து. குழுவின் மூன்றாவது ஆள் லைல் ஸ்பூனர்தான் ஊரின் ஒரே மளிகைக்கடைக்காரன். ஐடெல்லா பால் வாங்கப் போனால் அவளும் அவனும் சேர்ந்து இரண்டு. "இன்னிக்கு ரோடு..." என்று லைல் வாயெடுத்தால் அவள் சில்லறையை வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவாள்.

ஆனால் ஐடெல்லா சும்மா முடங்கிக் கிடக்கிறவள் இல்லை. ஏப்ரலில் ஒருநாள் தபால் நிலையத்திலும், கடையிலும், ஊர் மண்டபக் கதவிலும் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'ஊர்க்குழுவின் சிறப்புக் கூட்டம். புதன்கிழமை காலை ஐந்தே முக்கால். இடம்: கார்லிஸ் வீட்டுச் சமையலறை. பொருள்: சாலைகள். பொதுமக்கள் வரலாம்.' புருஷனோடு காப்பி குடிக்க ஊருக்கு நோட்டீஸ் ஒட்டின பெண்பிள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதல் புதன் யாரும் போகவில்லை. இரண்டு பேரும் ஆசை தீரப் பேசியிருக்கிறார்கள். இரண்டாவது புதன், சட்டப்படி வருகிறேன் பேர்வழி என்று டெலோஸ் பேட்டர் பால் கறந்த கையோடு போய் உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்தவனுக்குச் சாப்பிடக் கொடுக்காமல் இருப்பாளா? தட்டு நிறைய அப்பம், மேலே மெரில் சொந்தமாகக் காய்ச்சின மேப்பிள் மரத்துப் பாகு. போதாதா? அடுத்த புதன் ஐந்து பேர், அதற்கடுத்த புதன் பதினொரு பேர். ஜனநாயகத்தின் மேல் எங்கள் ஊருக்கு அவ்வளவு பக்தி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

அந்தக் கூட்டக் குறிப்புகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. 'ஆறு பத்துக்கு மெரில் கார்லிஸ் இன்னும் கொஞ்சம் பாகு கேட்டார். பாகு தீர்ந்துவிட்டதாக ஐடெல்லா கார்லிஸ் அறிவித்தார். பொதுமக்கள் தரப்பில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது.' எழுதினது ஐடெல்லாதான், சிரிக்காமல். மே மாதக் கடைசியில் டெலோஸ், பொதுமக்கள் பேசும் நேரம் என்று எழுந்து, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினான். மெரில் தட்டோடு எழுந்துபோய்த் தொழுவத்தில் நின்று சாப்பிட்டான். அன்றோடு சமையலறைக் கூட்டம் நின்றது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சே இல்லை. கோடையில் தோட்ட வேலை, வெளி வேலை என்று எப்படியோ ஓடிவிட்டது. பனிக்காலம் வந்ததும்தான் வினை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அவள் ஒரு ஜன்னலில், அவன் ஒரு ஜன்னலில். வெளியே ஊர்ச்சாலை தெரிகிறது, இரண்டு பேரும் அதையே பார்க்கிறார்கள், வாயில் கொழுக்கட்டை. சண்டை போட்ட வீடாக இருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. சண்டையாவது ஒரு பேச்சு.

டிசம்பரில் மெரில் என் அலுவலகத்துக்கு வந்தான். நாய் லைசென்ஸுக்கா என்றேன். அவனிடம் நாய் கிடையாது. தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டு பத்து நிமிடம் நின்றான்.

"மெரில், இருட்டறதுக்குள்ள வாயைத் திறந்துடு. எனக்கு வேலை இருக்கு."

"எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் விலகினா, வீட்டுல பேசலாமில்ல?"

"தாராளமா. நீ விலகு. பதினெட்டு வருஷம் போதாதா?"

"விலகலாம்னுதான் நினைச்சேன்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் விலகினா, அவகூட பேசறதுக்காகத்தான் விலகினேன்னு அவளுக்குத் தெரிஞ்சுடும். உடனே அவளும் விலகிடுவா. அவளை உனக்குத் தெரியாதா? ரோவினா, அவ ஊர்க் காகிதத்தை எல்லாம் ஒரு பையில போட்டு வச்சிருக்கா. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி அதைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் படுக்கறா. அதை அவகிட்டேயிருந்து நான் பிடுங்க மாட்டேன்."

ஒரே மூச்சில் அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பாவி மனுஷன். என் கிளார்க் மூளை அப்போதுதான் விழித்துக்கொண்டது.

"மெரில், மூணை அஞ்சாக்கிட்டா?"

அவன் நிமிர்ந்தான்.

"குழுவுல அஞ்சு பேர்னா பெரும்பான்மை மூணு. ரெண்டு பேர் பேசினா அது கூட்டமே இல்ல. நீங்க ரெண்டு பேரும் விடிய விடிய ஜல்லியைப் பத்திப் பேசலாம். மார்ச் கூட்டத்துல ஊர் ஓட்டுப் போடணும். அதுக்கு நூத்துக்கு அஞ்சு வாக்காளர் கையெழுத்துப் போட்ட மனு வேணும். நம்ம ஊருக்குப் பதிமூணு கையெழுத்து."

ஓட்டு கேட்டுக்கூட எவன் வீட்டுப் படியும் ஏறாத மெரில், அந்தப் பனியில் வீடு வீடாகப் போனான். காரணம் கேட்டால் சொல்லவில்லை. காகிதத்தை நீட்டிக்கொண்டு நிற்பானாம், குளிர் உள்ளே வருகிறதே என்று ஜனங்கள் கையெழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். பதிமூன்றுக்கு முப்பத்தொன்று சேர்த்துவிட்டான். பெண்டாட்டியிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? குழுவில் எத்தனை பேர் என்பது ஊர் விஷயமாயிற்றே!

ஜனவரியில் மனு குழுவின் முன் வந்தது. சட்டப்படி நடந்த கூட்டம்தான், நானும் இருந்தேன். முதல் கையெழுத்து மெரில் கார்லிஸ் என்று பார்த்ததும் ஐடெல்லாவின் முகம் சுண்டிவிட்டது. கேள்வி கேட்காமல் அதை மார்ச் கூட்ட அறிவிப்பில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள், ஏனென்றால் மனு சரியாக இருந்தால் போட்டே ஆக வேண்டும். மறுநாள் என் அலுவலகத்தில் வந்து வெடித்தாள்.

"பார்த்தியா? ஒரு வருஷம் முழுசா ஆகல, என்னை மூணுல ஒண்ணா வச்சிருக்கப் பிடிக்கல அவனுக்கு. அஞ்சுல ஒண்ணா ஆக்கி ஓரமா தள்ளப் பாக்குறான். பதினெட்டு வருஷமா மூணு பேர் போதுமா இருந்துச்சு. நான் வந்ததும் பத்தலையா?"

"அடி லூசே, அவனைக் கேளேன்!"

"எப்படிக் கேப்பேன்? அது ஊர் விஷயம்!"

"அப்ப நான் சொல்றேன் கேளு..."

"நீ சொல்லக் கூடாது. ஒரு உறுப்பினர் மனசுல இருக்கறதை இன்னொரு உறுப்பினருக்கு நடுவுல ஆள் வச்சுச் சொன்னா அதுவும் கூட்டம்தான். கையேட்டுல பார்த்தேன்." பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கையேட்டை அவளிடம் கொடுத்த கையை வெட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது எனக்கு.

மார்ச் முதல் செவ்வாய் வந்தது. மண்டபத்தில் நூற்றுப் பதினெட்டு பேர். ஈரக் கம்பளிக் கோட்டு வாசனை, அவித்த பீன்ஸ் வாசனை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹெஸ்டர் பதினான்காவது தீர்மானத்தை வாசித்தாள்: ஊர்க்குழுவை மூன்று பேரிலிருந்து ஐந்து பேராக உயர்த்துவது, நிறைவேறினால் அந்த இருவரையும் இங்கேயே தேர்ந்தெடுப்பது.

முதலில் எழுந்தது ஐடெல்லா. "தலைவர் அவர்களே, நான் எதிர்க்கறேன். ஆளுக்கு வருஷத்துக்கு அறுநூறு டாலர் கொடுத்து, மூணு பேர் செய்யற வேலையை அஞ்சு பேர் செய்யறதுக்கா? வாஷிங்டன்ல ஆள் பெருத்துப் போச்சுன்னு இங்க உக்காந்து திட்டறோம். இங்கேயும் அதையே பண்ணப் போறோமா? இதைக் கொண்டுவந்தவர் காரணம் சொல்லட்டும். இன்னிவரைக்கும் சொல்லல."

கைதட்டல் பலமாக இருந்தது. காசு என்றதும் எங்கள் ஊரில் எல்லோருக்கும் கை தானாக எழும். தீர்மானம் தோற்றுவிடும் போலிருந்தது. தோற்றால் இன்னொரு வருடம் அந்த வீட்டில் ரொட்டியும் வெண்ணெயும்தான். எல்லோரும் மெரிலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்தான். பள்ளிக்கூடத்தில் நின்ற மாதிரியே நின்றான். நான் பென்சிலைக் கடித்துக்கொண்டேன். அந்த மண்டபத்தில் யார் பேசினாலும் ஹெஸ்டரைப் பார்த்துத்தான் பேச வேண்டும், ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசக் கூடாது. அதுதான் முறை.

"தலைவர் அவர்களே," என்றான் மெரில், ஹெஸ்டரையே பார்த்து. "பிப்ரவரி இருபத்திநாலாந்தேதி எங்க ஓடையில உறைஞ்சு கிடந்த பனி உடைஞ்சுது."

"தீர்மானத்தைப் பத்திப் பேசுங்க, மெரில்."

"அதைத்தான் பேசறேன். நாப்பத்தொரு வருஷமா பனி உடையற அன்னிக்கு நான் மொதல்ல அவகிட்டத்தான் சொல்லுவேன். உள்ள ஓடி வந்து சொல்லுவேன். அவ காப்பியை அப்படியே வச்சுட்டு வந்து பார்ப்பா. இந்த வருஷம் நான் சொல்லல. பனி உடைஞ்ச இடம் ஊர்க் குழாய் பக்கத்துல." தொண்டையைச் செருமினான். "நாங்க ரெண்டு பேரும் குழுவுல ரெண்டு பேர். அஞ்சு பேரானா நாங்க பேசலாம். அறுநூறு டாலர் அதிகம்தான். என் சம்பளத்துல கழிச்சுக்குங்க. அவ குழுவுல இருக்கணும், தலைவர் அவர்களே. என்னைவிட நல்லா பண்றா. எனக்கு அவகூட பேசணும், அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டான். மண்டபத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அது லைல் ஸ்பூனர்.

ஐடெல்லா எழுந்தாள். அவள் குரல் வழக்கமான குரலாக இல்லை. "தலைவர் அவர்களே, எத்தனை மணிக்கு உடைஞ்சுதுன்னு உறுப்பினர் சொல்லுவாரா?"

ஹெஸ்டர் சுத்தியலைக் கையில் எடுத்தாள். அவளும் ஐடெல்லா மாதிரி ஒரு ஜென்மம்தான். "தீர்மானத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. அனுமதிக்க முடியாது."

"அட, போம்மா!" என்று நூறு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். ஹெஸ்டர் சுத்தியலைத் தட்டினாள். ஐடெல்லா மட்டும், "தலைவர் சொல்றது சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

கை தூக்கச் சொல்லி எண்ணினோம். ஆதரவு தொண்ணூற்றாறு, எதிர்ப்பு இருபத்தொன்று. அந்த இருபத்தொன்றில் ஐடெல்லாவின் கையும் இருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, கை மட்டும் விறைப்பாக மேலே நிற்கிறது. செலவு செலவுதானாம். இவளை என்ன சொல்லி வைவது!

பிறகு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தோம். ஒன்று, ஆடு வளர்க்கிற வின்னி கோல்பி. இரண்டாவது டெலோஸ் பேட்டர். எதிரே இருந்திருந்தால் டெலோஸ் கையைக் காலைப் பிடித்துத் தப்பியிருப்பான். ஆனால் மூன்று மணிக்கே மாடு கறக்கப் போய்விட்டான். கூட்டத்தில் இல்லாதவன் தலையில் கட்டுவதும் எங்கள் ஊர் வழக்கம்தான். கூட்டம் கலைந்தது. வின்னிக்கு அங்கேயே பிரமாணம் செய்து வைத்தேன்.

ஜனங்கள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கோட்டு மாட்டும் இடத்தில் மெரிலும் ஐடெல்லாவும் எதிரெதிரே நின்றார்கள். அவன் வாயைத் திறந்தான். அவள் உள்ளங்கை எழுந்தது.

"ஐடெல்லா! இன்னும் என்னடி?" என்றேன்.

"டெலோஸ் இன்னும் சத்தியம் பண்ணல. பிரமாணம் எடுக்காதவன் உறுப்பினர் இல்ல. இப்போ நாங்க நாலு பேர். நாலுல ரெண்டு..." கணக்குப் போட்டாள். "நாலுக்கு எப்படின்னு கையேட்டுல தெளிவா இல்ல. சந்தேகம் இருந்தா நிறுத்தணும்."

எனக்கு வந்த கோபத்தில் அவளைப் பஸ்ஸோடு சேர்த்து ஓடையில் தள்ளியிருப்பேன். அதற்குப் பதிலாக லைலின் லாரியில் ஏறி டெலோஸின் தொழுவத்துக்குப் போனேன். அவன் ஏழாவது மாட்டில் இருந்தான். விஷயத்தைச் சொன்னதும், "நான் எப்ப சரின்னேன்? என்னைக் கேட்டீங்களா?" என்று குதித்தான்.

"நாயைப் பத்தி நாப்பது நிமிஷம் பேசினியே, அதுக்குத் தண்டனை. ஏறு வண்டியில."

பால் வாசனையும் சாண வாசனையுமாக அவனை மண்டபத்துக்குக் கூட்டி வந்தேன். அரைமணி நேரமாகியும் அவர்கள் இரண்டு பேரும் அதே இடத்தில், கோட்டை மாட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டெலோஸ் ரப்பர் பூட்ஸோடு கையைத் தூக்கினான். அரசியல் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பதாக அவன் முணுமுணுத்து முடித்ததும் நான் தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டேன்.

"அஞ்சு," என்றேன்.

ஐடெல்லா மெரில் பக்கம் திரும்பினாள். "எத்தனை மணிக்கு?"

"ஏழாக அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப."

"காலையிலயா?"

"ஆமா. மேல இருந்து மொத்தமா விட்டுப் போச்சு. ஊர்க் குழாய்ல வந்து இடிச்சு நின்னு, அப்புறம் தாண்டிப் போச்சு. நீ சொன்னது சரிதான், அந்தக் குழாய் பத்தாது."

"நான் அப்ப வாசல்லதானே இருந்தேன். பஸ்ஸைச் சூடு பண்ணிக்கிட்டிருந்தேன்."

"தெரியும். உன் பக்கத்துல வந்து நின்னேன்."

அவள் யோசித்தாள். "வந்தே. கையுறையைப் பார்த்தியான்னு கேட்டே. நான் உள்ள போய் வீடு முழுக்கத் தேடினேன்."

"கையுறை கையிலதான் இருந்துச்சு, ஐடெல்லா."

அவள் அவன் கோட்டின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ் ஓட்டுகிற அந்தப் பெரிய பொம்பளை, ஓவென்று அழுதாள். "சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா!" என்றாள். "உன்னை யாருடா இவ்வளவு சட்டம் பார்க்கச் சொன்னது?" மெரில் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, குழாயை இரண்டு முழமாக மாற்றினால் போதுமா, இரண்டரை வேண்டுமா என்று கேட்டான். அவள் அழுகைக்கு நடுவில் இரண்டரை என்றாள். நான் டெலோஸின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனேன். குழாய் விஷயத்தில் பொதுமக்கள் சார்பாகத் தனக்கும் சொல்ல இருக்கிறது என்று அவன் கடைசிவரை திமிறிக்கொண்டே வந்தான்.